மத்தியானப் பொலி

எங்கள் மண்ணச்சநல்லூரில் எனக்குப் ‘பாதி மலை’ என்று பெயர். காரணம் இருக்கிறது. வெள்ளியங்கிரியில் நான்காவது மலையோடு திரும்பியவன் நான். பர்வதமலையில் கடப்பாறைப் படியைப் பார்த்ததும் எனக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. சதுரகிரியில் மழை. மழைக்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் காலையில் என்னோடு நடக்க வருகிற கூட்டாளிகளிடம் இதையெல்லாம் சொல்லி எடுபடுமா? “என்னப்பா பாதி மலை, டீ முழுசா குடிப்பியா, அதுவும் பாதிதானா?” என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பேன்.

அதனால் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க இலங்கைக்குப் போக வேண்டும் என்றதும், மனசுக்குள் முதலில் வந்தது சொந்தபந்தம் இல்லை, மலை. அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் மனைவி தேன்மொழி பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எட்டு வயதில் பெற்றோரோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தாள். சித்தப்பா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த ஊரைப் பற்றி அவள் என்னிடம் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். “நீயும் வாயேன்” என்றேன். “நான் வரல. நீங்க போயி தட்டுல வச்சு, முறையா கூப்பிட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

கொழும்பிலிருந்து புறப்பட்ட ரயில் ஏற ஏற, எனக்குத் தூக்கமா விழிப்பா என்றே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை வரும், ஒரு குகை அதை விழுங்கும், வெளியே வந்தால் வேறு மலை நிற்கும். இறால் பதித்த வடையைக் கூடையில் கொண்டு வந்தார்கள். நாலு தின்றேன். எதிரே இருந்தவரிடம் எங்கள் ஊர் அரிசியின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்குக் கொஞ்சம் தொண்டை பெரிசு. ரைஸ் மில்லில் இருபது வருஷம் மேஸ்திரி வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, அதுதான் என் சாதாரணப் பேச்சு. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா தன் கணவரிடம் ஏதோ சொன்னார், பெட்டியே சிரித்தது. என்னவென்று எதிரே இருந்தவரைக் கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க. இவரு தூங்கினாத்தான் ரயில் சத்தம் நமக்குக் கேக்கும்னு சொல்றாங்க” என்றார்.

நானும் சிரித்துவிட்டுத் தூங்கினேன். ஹட்டனில் எழுப்பிவிட்டவரும் அந்த அம்மாதான்.

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் பஸ். பாதை பாம்பு மாதிரி என்று சொல்லலாம், ஆனால் பாம்புகூட அத்தனை தடவை திரும்பாது. ஒரு வளைவில் எதிரே இன்னொரு பஸ் வந்து நின்றது. இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும், எங்கள் டிரைவர் பெருந்தன்மைக்காரர். கண்டக்டர் கீழே இறங்கி பஸ்ஸின் விலாவில் தட்டத் தட்ட, ஒரு கையில் வாழைப்பழத்தோடு அவர் பின்னால் எடுத்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோடு இல்லை. எங்கேயோ கீழே தேயிலைச் செடிகள் தெரிந்தன. “அய்யோ முருகா!” என்றேன். முன் சீட்டிலிருந்த பெண் திரும்பி, “கீழ பாக்காதீங்க சார். நாங்க யாருமே பாக்கிறதில்ல” என்றாள்.

பொகவந்தலாவை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் மழைக்கோட்டு வாங்கினேன். நம்மூர் ‘பாய்’தான் அங்கே நானா. எதற்கு என்று கேட்டார். மலையேற என்றேன். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். “கோட்டு நல்ல கோட்டுதான் சார். ஆனா இந்த மாசத்துல மேல ஏறாதீங்க. வெயில் அடிச்சிக்கிட்டு இருக்கும், கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள மூட்டம் வந்துரும்” என்றவர், கூடவே ஒரு சவர்க்காரக் கட்டியும், அதாவது சோப்பும், எடுத்து வைத்தார். காலில் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாதாம். சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டேன், புத்திமதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

தோட்டத்தில் லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் மூன்றாவது வீடு. சித்தப்பா இப்போது இல்லை. அவர் மகள் செல்வமணி, எனக்குக் கொழுந்தியா முறை. கொழுந்து பறிக்கிறாள். அவள் கணவன் சந்திரன், எனக்குச் சகலை, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். பேச்சே கிடையாது. நான் பத்திரிகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு இருவரையும் நிற்கவைத்துக் கொடுத்தேன். சந்திரன் இரண்டு கையாலும் வாங்கி, அதில் தேன்மொழி பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். காரம் மண்டையில் ஏறி நான் “ஆ! ஊ!” என்று கத்த, செல்வமணி சிரித்தாள். “மெதுவா அத்தான். பக்கத்துத் தோட்டத்துல ஏதோ கலவரம்னு வந்துரப் போறாங்க.”

அப்போதுதான் மேகம் விலகியது. லயத்துக்கு நேர் பின்னால், தேயிலையெல்லாம் முடிந்து, காடும் முடிந்து, அதற்கும் மேலே ஒரு உச்சி. அந்தி வெளிச்சத்தில் ரோஜா நிறமாக, தரையோடு ஒட்டாமல் தனியே மிதந்தது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன். ஏழாயிரம் அடி இருக்கும் என்றார்கள். பெயரையும் சொன்னார்கள். அதை எழுத மாட்டேன். எழுதினால் என்னைப் போல நாலு பேர் கிளம்பி வருவார்கள், தேடி எடுக்கத் தோட்டத்து ஆட்கள்தான் போக வேண்டும் என்று செல்வமணி சொல்லியிருக்கிறாள்.

“அதுல ஏறணும்” என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு முதன்முதலாக வந்திருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கு எப்படி இல்லை என்பது? “நாளன்னிக்கு லீவு போடுறேன்” என்றாள் செல்வமணி.

நான் ஏறப்போகிற அந்தக் காலையில் சந்திரன் வீட்டில் இல்லை. பஜாருக்குப் போயிருக்கிறார் என்றாள் செல்வமணி. வெளுத்து வரும்போது நாங்கள் இருவரும் நடந்தோம். தேயிலையின் கடைசி மேட்டில் பெண்கள் கொழுந்து பறிக்க வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் பிடிக் கொழுந்தை முதுகுக் கூடையில் போடும்போது ஒருத்தி, “பொலி!” என்று குரல் கொடுத்தாள். அடுத்தவள் “பொலியோ பொலி!” என்றாள். அப்படியே வரிசை முழுக்க அந்தக் குரல் நடந்து போனது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்க் களத்தில் நெல் தூற்றும்போது, பெருகட்டும் என்று சொல்கிற அதே பொலி! “தெனமும் சொல்லுவீங்களா?” என்று கேட்டேன். “காலையில மொதப் பிடிக்கு மட்டும்தான் அத்தான். பொறவு சொல்ல மாட்டோம்” என்றாள்.

தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசிய கல். மலைச்சாமி. காட்டுக்குள் ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கொத்துத் தழையை ஒடித்து அங்கே வைக்க வேண்டும். இறங்கி வந்ததும் அவரவர் கொத்தை அவரவரே எடுத்து எறிய வேண்டும், அடுத்தவர் தொடக் கூடாது. சாயங்காலம் கொத்து மிச்சமிருந்தால் ஆள் இன்னும் மேலே இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. நான் ஒன்று வைத்தேன், செல்வமணி ஒன்று வைத்தாள். பக்கத்தில் ஏற்கெனவே ஒன்று, வாடாமல் இருந்தது.

“இது யாரோடது?”

“யாராச்சும் வெறகுக்குப் போயிருப்பாங்க” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

காட்டுக்குள் மரங்களெல்லாம் பாசியைப் போர்த்திக்கொண்டு குள்ளமாக நின்றன. என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. மூச்சு வாங்கியது, ஆனால் அலுப்பாக இல்லை. யாரோ கையைப் பிடித்துக் கனவுக்குள் கூட்டிப்போவது போல இருந்தது. அதிசயமாக நானும் பேசாமல் வந்தேன். செல்வமணி இரண்டு தடவை திரும்பி, “அத்தான், இருக்கீங்களா?” என்று சரிபார்த்துக்கொண்டாள்.

காடு முடிந்ததும் ஆளுயர மானாப்புல். அதைத் தாண்டினால் வெறும் முதுகெலும்பு மாதிரி ஒரு பாறை வரம்பு. இரண்டு பக்கமும் சரிவு. அதன் கடைசியில், இதோ கை நீட்டினால் தொடலாம் என்பதுபோல உச்சி. “இன்னும் முக்கால் மணி நேரம்” என்றாள். எனக்கு மண்ணச்சநல்லூர் டீக்கடை கண்ணுக்கு முன்னால் வந்தது. உச்சியில் நின்று எடுத்த போட்டோவை ஒவ்வொருவன் மூக்குக்கு நேராகவும் நீட்டுகிறேன். அடேயப்பா, என்ன சுகம்!

மூட்டம் கீழேயிருந்து வந்தது. பள்ளத்திலிருந்து பால் பொங்கி ஏறுவது போல ஏறியது, சத்தமே இல்லாமல். முதலில் காடு போனது. பிறகு உச்சி. பிறகு என் முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பயம் வரவில்லை. அழகாக இருந்தது. அப்படியே வெள்ளைக்குள் நடந்து போய்விடலாம் போல இருந்தது. அதுதான் ஆபத்து என்று இப்போது தெரிகிறது.

“அத்தான், திரும்புவோம்” என்றாள் செல்வமணி.

“முக்கால் மணி நேரம்னு நீதானே சொன்ன?”

“பாத தெரிஞ்சா முக்கா மணி நேரம்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. இன்னொரு பாதியா? கடல் தாண்டி வந்தும் பாதியா? “ஒனக்குப் பயமா இருந்தா நீ இங்கேயே நில்லு” என்று சொல்லிவிட்டுப் பாறையில் ஏறினேன். பத்து அடி போயிருப்பேன். ஈரப்பாறை, வலது கால் வழுக்கியது. கை என்னத்தையோ பிடித்தது, புல். ஒரு காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நான் தட்டிவிட்ட கல் உருண்டது. அது விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன், வரவே இல்லை.

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது செல்வமணிதான். அந்த மெலிந்த கைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ! உட்கார்ந்துவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், அவள் அழுதாள்.

“மேல அவரு இருக்காரு, அத்தான்.”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரருதான். அக்கா வீட்டுக்காரரு மொத மொதல்ல வந்திருக்காரு, உச்சிக்கு ஏத்திவிட்டு ஆறிப்போன தண்ணியவா குடுக்கிறதுன்னு, காலங்காத்தாலயே கேத்தலயும் வெறகையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க வந்ததும் சூடா டீ ஊத்தித் தரணுமாம். சொல்லாதன்னு சொன்னாரு.”

கேத்தல் என்றால் அங்கே கெட்டில். எனக்காக ஒருவன் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏழாயிரம் அடி உச்சிக்கு ஏறியிருக்கிறான்! அந்த மூன்றாவது கொத்து யாருடையது என்று இப்போதுதான் புரிந்தது.

“அப்ப மேல போயித்தானே ஆகணும்!” என்று எழுந்தேன்.

“ஒக்காருங்க அத்தான்” என்றாள். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. “நீங்க விழுந்தா நான் ரெண்டு பேரத் தேடணும். அவரு கவ்வாத்துக்காரரு, மழையில வேல செஞ்ச காலு. ஆனா நாம வருவோம் வருவோம்னு ஒக்காந்தே இருப்பாரு. இல்லாட்டி நம்மளத் தேடி இந்த மூட்டத்துல எறங்குவாரு. ரெண்டுமே ஆகாது. போன் அடிச்சுப் பாத்துட்டேன், போகல. கீழ போயி சத்தம் குடுத்தாத்தான் உண்டு.”

நான் திரும்பினேன். எத்தனையோ தடவை மலையிலிருந்து திரும்பியிருக்கிறேன், அப்போதெல்லாம் வெட்கமாக இருக்கும். அன்று வெட்கத்துக்கு நேரமே இல்லை. அவள் பாவாடை நுனியைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன், குழந்தை மாதிரி.

மலைச்சாமி கல்லுக்கு வந்ததும் நான் பாட்டுக்கு என் கொத்தை எடுத்து எறிந்துவிட்டேன். செல்வமணி தன்னுடையதைத் தொடவில்லை. கல்லைத் தாண்டி ஓடி, தேயிலை மேட்டில் நின்றிருந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கப் போகிற நேரம். கங்காணி கையைப் பிசைந்தார். “பேரச் சொல்லிக் கூப்பிட்டா மேல எட்டாதேம்மா” என்றார்.

“பொலி போடுவோம்” என்றாள் செல்வமணி.

“மத்தியானத்துலயா?”

“மத்தியானத்துல போட்டாத்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.”

கூடையை முதுகிலேயே வைத்துக்கொண்டு பெண்கள் காட்டு ஓரம் நெடுகக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். மூட்டம் அவர்களையும் மூடிவிட்டது. முதல் குரல் வந்தது: “பொலி!” அடுத்தது, அதற்கடுத்தது. ஆளே தெரியவில்லை, வெள்ளைக்குள் குரல் மட்டும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. “பொலியோ பொலி! பொலியோ பொலி!” இந்த உலகத்தில்தான் இருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பதில் இல்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. செல்வமணியின் குரல் உடைந்துவிட்டது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவளைப் பார்க்க முடியாமல் கல்லின் பக்கம் போனேன். அங்கே இரண்டு கொத்துகள். புருஷன் இறங்காமல் அவள் இறங்கியதாகக் கணக்கில்லை. நான் ஒருத்தன்தான் அவசரமாக என்னுடையதை எடுத்து எறிந்திருக்கிறேன். சீ, என்ன மனுஷன் நான்! தேடிப் பார்த்தேன், நல்லவேளை, புதரில் மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவந்து அந்த இரண்டுக்கும் பக்கத்தில் திரும்ப வைத்தேன்.

பிறகு காட்டைப் பார்த்து நின்று, இருபது வருஷ மில் தொண்டையை முழுசாகத் திறந்தேன்.

“பொலீ...!”

பக்கத்தில் நின்ற பெண் காதைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொண்டையில் ரத்தச் சுவை தட்டியது. பெண்கள் ஒரு சுற்று முடிப்பார்கள், கடைசியில் நான் போடுவேன். இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது, எங்கோ மேலே, இடது கைப்பக்கம், மெலிசாக ஒரு ஆண் குரல்.

“பொலி...”

“அய்யோ, அவருதான்!” செல்வமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் விடாமல் கூப்பிட்டோம், அந்தக் குரல் பதில் சொல்லிச் சொல்லிக் கிட்டே வந்தது. கடைசியில் வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு கரிபிடித்த கேத்தல் வந்தது. அப்புறம்தான் சந்திரன்.

என்னிடம் மூன்று நாளாக மூன்று வார்த்தை பேசாதவன் மடமடவென்று பேசினான். “மூட்டத்தப் பாத்ததும், நீங்க நடுவுல மாட்டிக்கிட்டீங்களோன்னு எறங்குனேன் அண்ணே. வழி பிரியிற எடத்துல தப்பான பக்கம் போயிட்டேன். கால வக்கிறேன், கீழ ஒண்ணுமே இல்ல. அப்படியே ஒக்காந்துட்டேன். அப்பத்தான் பொலி கேட்டுச்சு. மத்தியானத்துல எவ பொலி போடுறான்னு நெனச்சேன், அப்பவே நீங்க கீழ வந்துட்டீங்கன்னு தெரிஞ்சிருச்சு. ஆனா நடுவுல பேக்டரி மிஷின் மாதிரி ஒரு சத்தம் வந்துச்சே, அது என்னா?”

எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் என்னைக் கை காட்டினார்கள். அன்றைக்கு எழுந்த சிரிப்பில் மூட்டமே கொஞ்சம் விலகியிருக்கும்.

சந்திரன் கேத்தலைத் திறந்தான். “ஆறிப்போச்சு அண்ணே. மேல குடிக்க வேண்டியது” என்று தலையைக் குனிந்துகொண்டு, மூடியில் ஊற்றித் தந்தான். விறகுப் புகை வாசத்தோடு, ஜில்லென்று, ஏகப்பட்ட சீனி. குடித்தேன். அழுதும்விட்டேன், மறைப்பானேன். அப்படி ஒரு தேநீரை நான் எந்த உச்சியிலும் குடித்ததில்லை. எந்த உச்சிக்கும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்று பேரும் கல்லுக்கு முன்னால் போய் நின்றோம். ஆளுக்கொரு கொத்தை எடுத்து எறிந்தோம். கல்லடி காலியானதைக் குனிந்து இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் செல்வமணி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது தேன்மொழி போன் செய்தாள்.

“என்ன, தொண்ட இப்படிக் கட்டிக் கெடக்கு? உச்சிக்கு ஏறிட்டீங்களா?”

“பாதிதான்” என்றேன். சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன், சிரிக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். கொத்தை, கேத்தலை, மூட்டத்துக்குள் நின்ற பெண்களை. லைன் போய்விட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றேன்.

“இருக்கேன்” என்றாள். “எப்படிப் போட்டீங்க? போடுங்க, கேப்போம்.”

“பிளாட்பாரத்துல நிக்கிறேன்டி. சனம் பாக்குது.”

“பரவாயில்ல. போடுங்க.”

போட்டேன். கட்டிப்போன தொண்டையில் பாதிதான் வந்தது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். தண்டவாளத்தைத் தாண்டி எதிர் மலைச்சரிவில் யாரோ நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

பிறகு, மண்ணச்சநல்லூரில் எங்கள் அடுப்படியிலிருந்து, இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டிராத ஒரு சின்னப் பிள்ளைக் குரலில், என் மனைவி பதில் சொன்னாள்.

“பொலியோ பொலி.”